ஓய்வூதிய வேலை கிடைத்ததால் பழைய சேமலாப நிதி போய்விடாது

வாசகி ஒருவரின் கேள்வி:

எனக்கு வயது 47. வெள்ளவத்தையில் வசிக்கிறேன். 2007 ஜூன் முதல் 2013 ஓகஸ்ட் முடிவு வரை கொழும்பிலுள்ள அரச கூட்டுத்தாபனம் ஒன்றில் எழுதுவினைஞராகப் பணியாற்றினேன். முதல் 14 மாதங்கள் நாட்சம்பளம், அதன்பின் நிரந்தரம். 2014 பெப்ரவரியில் அரச திணைக்களம் ஒன்றில் ஓய்வூதிய உரித்துடன் நிரந்தர நியமனம் கிடைத்தது. அண்மையில் தொழில் அலுவலகத்தில் எனது ஊழியர் சேமலாப நிதிய (ஈ.பி.எப்.) கணக்கைப் பார்த்தபோது, அந்த முதல் 14 மாதங்களுக்கு எதுவுமே இல்லை. 2010 ஜனவரி முதல் 2011 ஜூன் வரையான 18 மாதங்களின் பணத்தையும் காணவில்லை. அந்த 18 மாதங்களுக்கும் சம்பளத்தில் கழித்ததற்கான சிட்டைகள் என்னிடம் இருக்கின்றன. கூட்டுத்தாபனத்தில் விசாரித்தேன். நாட்சம்பளக்காரருக்கு ஈ.பி.எப். இல்லை என்றார்கள். நான் இப்போது ஓய்வூதியத்துக்கு உரித்துடையவர் என்பதால் பழைய சேவையை அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம் என்றும், ‘இங்கிருந்து எனக்கு வரவேண்டியது எதுவுமில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டால் சேவைக் கடிதம் தருவதாகவும் சொன்னார்கள். கையொப்பமிடலாமா? பழைய சேவை ஓய்வூதியத்தில் சேருமா? கணக்கில் இருக்கும் பணத்தை எடுக்க 50 வயதுவரை காத்திருக்க வேண்டுமா?

சட்டத்தரணியின் பதில்:

கையொப்பமிடாதீர்கள். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆறுதலாகப் பதில் சொல்லலாம். இதற்கு மட்டும் அவசரம் உண்டு. சேமலாப நிதிப் பங்களிப்பைச் செலுத்துவது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் வேலைகொள்வோர் மீது சுமத்திய கடமையாகும்; ஊழியர் எழுதிக்கொடுக்கும் கடிதம் எதுவும் அந்தக் கடமையை நீக்கிவிடாது. ஆனால் நாளை தொழில் திணைக்கள உத்தியோகத்தர் விசாரணைக்குப் போகும்போது, கோவையின் முதல் தாளாக அவருக்குக் காட்டப்படப்போவது அந்தக் கடிதம்தான். அதற்கு விளக்கம் சொல்லும் வேலை உங்கள் தலையில் விழும், விசாரணையும் இழுபடும். சேவைக் கடிதத்துக்காக அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் அங்கே வேலை செய்ததை உங்கள் நியமனக் கடிதமும், இராஜினாமாவை ஏற்றுக்கொண்ட கடிதமும், சம்பளச் சிட்டைகளும் போதிய அளவு நிறுவும்.

பழைய சேவையை ஓய்வூதியத்துடன் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னது, பொது விதியாக, சரியல்ல. அரச ஓய்வூதியம், அதற்கான விதிகளின் தொகுப்பான ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் கீழ் வழங்கப்படுவது. அது அரசாங்கத் திணைக்களங்களிலும் அமைச்சுகளிலும் ஓய்வூதிய உரித்துடன் நியமனம் பெற்றவர்களுக்கு உரியது. கூட்டுத்தாபனங்களும் நியதிச்சட்டச் சபைகளும் அரசுக்குச் சொந்தமானவை என்றாலும், அவற்றின் ஊழியர்கள் பெரும்பாலும் தனியார் துறையினரைப் போலவே ஊழியர் சேமலாப நிதியத்துக்கும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கும் உட்பட்டவர்கள். இரண்டையும் ‘கவர்மென்ட் வேலை’ என்ற ஒரே பெயரால் அழைப்பது நம் வீடுகளில் வழக்கம்; கல்யாணப் பேச்சில் அது செல்லும், ஓய்வூதியத் திணைக்களத்தில் செல்லாது. திணைக்களம் ஒன்றில் தற்காலிகமாகவோ அமையமாகவோ (தேவைக்கேற்ப அவ்வப்போது) வேலை செய்தவர்களின் நிலை இன்னொன்று. அவர்களுக்கு 1942ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்க சேவைச் சேமலாப நிதியம் இருக்கிறது. அது உங்களுடைய விடயமல்ல. உங்கள் ஓய்வூதியச் சேவை 2014 பெப்ரவரியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டே கணக்கைப் பாருங்கள். ஓய்வூதியத்துக்கு வேண்டிய குறைந்தபட்சச் சேவைக்காலமான 10 ஆண்டுகளை ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். 2022இல் 65ஆக உயர்த்தப்பட்ட கட்டாய ஓய்வு வயது அதே ஆண்டிலேயே மீண்டும் 60ஆக்கப்பட்டதால், இன்னும் 13 ஆண்டுகள் சேவை உங்களுக்கு மிச்சமிருக்கிறது. கூட்டுத்தாபனத்தில் உழைத்த ஆறு ஆண்டுகளின் பலன் சேமலாப நிதியத்திலும், விலகும்போது சேவை ஆண்டுகளுக்கு ஏற்ப வேலைகொள்வோர் தரவேண்டிய பணிக்கொடையிலும்தான் இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்தால் அந்த ஆண்டுகளுக்கு ஈடாக வேறெங்கும் எதுவும் வராது.

இனி அந்த 14 மாதங்களுக்கு வருகிறேன். நாட்சம்பளக்காரருக்கு ஈ.பி.எப். இல்லை என்ற பேச்சு கொழும்பில் சிறிய கடைகளில் மட்டுமல்ல, நன்றாகச் சட்டம் தெரிந்த நிறுவனங்களிலும் கேட்கக் கிடைக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நிரந்தரம், தற்காலிகம், அமையம், பயிலுநர், ஒப்பந்தம், துண்டுவேலை என எந்தப் பெயரில் ஒருவரை வைத்திருந்தாலும், வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே அவருக்குப் பங்களிப்புச் செலுத்தியாக வேண்டும். ஊழியரின் சம்பளத்திலிருந்து குறைந்தது 8 வீதம், வேலைகொள்வோர் தம் கையிலிருந்து குறைந்தது 12 வீதம், ஆக 20 வீதம் அடுத்த மாதத்தின் கடைசி வேலைநாளுக்கு முன் போய்ச் சேர வேண்டும். நிரந்தரமாக்கிய திகதியிலிருந்து கட்டத் தொடங்குவது நிறுவனங்கள் தம் வசதிக்கு ஏற்படுத்திக்கொண்ட வழக்கம், அவ்வளவுதான்.

அந்த 14 மாதங்களும் உங்கள் சம்பளத்தில் எதுவும் கழிக்கப்படவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து விளங்கிக்கொள்கிறேன். ‘நான் என் பங்கைக் கட்டவில்லையே, இப்போது எப்படிக் கேட்பது’ என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். சம்பளம் கொடுக்கும்போது ஊழியரின் பங்கைக் கழிக்கத் தவறிய வேலைகொள்வோர் அதைப் பிறகு ஊழியரிடம் அறவிட முடியாது. இரு பங்குகளையும் தாமே செலுத்த வேண்டும். அதற்கு மேல், தாமதத்துக்கான மிகைக்கட்டணமும் உண்டு. பத்து நாள் தாமதத்துக்கு 5 வீதத்தில் தொடங்கும் அது படிப்படியாக ஏறி, ஓராண்டைக் கடந்ததும் 50 வீதத்தில் நிற்கும். அப்போது உங்கள் மாதச் சம்பளம் 15,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 3,000 ரூபாவாக 14 மாதங்களுக்கு 42,000 ரூபா நிலுவை, அதன்மேல் 21,000 ரூபா மிகைக்கட்டணம், மொத்தம் 63,000 ரூபா கூட்டுத்தாபனம் கட்ட வேண்டியிருக்கும். அதில் ஒரு சதமும் உங்களிடம் கேட்க முடியாது. ‘வரவேண்டியது எதுவுமில்லை’ என்று கையொப்பம் கேட்பதற்கான காரணம் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது என்பது என் எண்ணம். உங்கள் சம்பளத்தைக் கணக்கிடும்போது, வாழ்க்கைச் செலவுப்படியும் அதைப் போன்ற கொடுப்பனவுகளும் விடுமுறை நாட்களுக்கான சம்பளமும் உணவுக் கொடுப்பனவும் சேரும் என்பதையும், மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது என்பதையும் மறக்க வேண்டாம்.

18 மாதங்களின் கதை இதிலிருந்து வேறுபட்டது. பணத்தைக் கட்டாமல் விடும் நிறுவனம் வழமையாக எல்லோருக்கும் சேர்த்தே கட்டாமல் விடும். ஒரு எழுதுவினைஞருக்கு மட்டும், அதுவும் ஒரு ஜனவரியில் தொடங்கி, கட்டாமல் விடுவது அரிது. ஆகவே முதலில் உங்களுடன் அக்காலத்தில் வேலை செய்த இரண்டு மூன்று பேரைத் தேடிப்பிடித்து, அவர்களின் கணக்கில் அதே மாதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் இல்லையென்றால் பணம் கட்டப்படவில்லை. அவர்களுக்கு இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், உங்கள் பணம் பெரும்பாலும், நிதியத்தின் பணத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் மத்திய வங்கிக்குப் போய்ச் சேர்ந்து, உங்கள் பெயரில் வரவு வைக்கப்படாமல் கிடக்கிறது.

அது எப்படி நேரும் என்பதை அறிய சி படிவத்தைப் பார்க்க வேண்டும். வேலைகொள்வோர் மாதந்தோறும் பணத்துடன் அனுப்பும் விபரக்கூற்று அது. மேலே நிறுவனத்தின் பதிவிலக்கமும் எந்த மாதத்துக்குரியது என்பதும் இருக்கும். கீழே ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், உறுப்பினர் இலக்கம், வேலைகொள்வோர் பங்கு, ஊழியர் பங்கு, மொத்தச் சம்பளம் என்று அந்த வரி ஓடும். பணம் உங்களைத் தேடி வருவது அந்த இலக்கங்களை வைத்துத்தான். பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதையும் காட்டும். பெண்களுக்கு அந்த நாளுடன் 500 கூட்டப்படும். 1978இல் 143ஆவது நாளில் பிறந்த பெண்ணின் இலக்கம் 78643 என்று தொடங்கும். தட்டச்சு செய்பவர் 78143 என்று அடித்துவிட்டால், அந்த இலக்கம் ஓர் ஆணுடையதாகிவிடும். அதேபோல, வேலையிலிருந்து விலகிய ஒருவரின் உறுப்பினர் இலக்கத்தைப் புதிதாக வந்தவருக்குக் கொடுப்பதும் நடக்கிறது, கொடுக்கக் கூடாது. தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. தகப்பனின் பெயரை முன்னே எழுதுவதா பின்னே எழுதுவதா என்பதிலும், ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் அலுவலகத்துக்கு அலுவலகம் ஒரு வழக்கம். சம்பளப் பட்டியலைத் தயாரிக்கும் முறை மாறும்போதோ, அந்த வேலையைச் செய்யும் உத்தியோகத்தர் மாறும்போதோ இப்படியான பிழை நுழைந்தால், யாராவது கவனிக்கும்வரை மாதாமாதம் அதே பிழை பிரதியாகிக்கொண்டே போகும். ஜனவரி தொடங்கி ஜூனில் முடியும் உங்கள் 18 மாதங்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தச் சந்தேகம்தான் வலுக்கிறது.

உங்கள் ஊகத்தையும் என் ஊகத்தையும் வைத்து யாரும் பணம் தரமாட்டார்கள். அந்தக் காலத்துச் சி படிவங்களின் பிரதிகள் வேண்டும். இங்கே உங்களுக்கு, தனியார் கம்பனி ஊழியருக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. கூட்டுத்தாபனம் ஒரு பகிரங்க அதிகாரசபை. ஆகவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அதன் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பித்து, 2007 ஜூன் முதல் 2013 ஓகஸ்ட் வரையான சி படிவங்களில் உங்களுக்குரிய வரிகளின் பிரதியையும், பணம் செலுத்தியதற்கான பற்றுச்சீட்டு விபரங்களையும் கேட்கலாம். மற்ற ஊழியர்களின் வரிகளை மறைத்துத் தந்தால் போதும் என்று நீங்களே எழுதிவிடுங்கள். தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுக்க இடமிருக்காது. தருவதா மறுப்பதா என்ற தீர்மானத்தை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மட்டும் பழைய நியமனக் கடிதத்தில் ஆங்கிலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே ஒருமுறை சேர்த்துவிடுங்கள். தேடுபவருக்கு அதுதான் வேண்டும்.

பிரதிகள் வரும்வரை முறைப்பாட்டை ஒத்திவைக்க வேண்டாம். கூட்டுத்தாபனம் அமைந்துள்ள பகுதிக்குரிய தொழில் அலுவலகத்தில் எழுத்துமூல முறைப்பாட்டை இப்போதே கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். எந்த அலுவலகம் என்பதில் குழப்பமிருந்தால் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத் தலைமையகத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள். 14 மாதங்களையும் 18 மாதங்களையும் ஒரே பந்தியில் கலந்து எழுதாதீர்கள். முதலாவது, பங்களிப்பே செய்யப்படாத காலம். இரண்டாவது, கழித்த பணம் கணக்கில் வராத காலம். அதற்குச் சிட்டைகளின் பிரதிகளை மாத வரிசையில் இணையுங்கள். மூலச் சிட்டைகளை யார் கேட்டாலும் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள், காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். பணம் செலுத்தப்படவில்லை என்று நிரூபணமானால், தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்தில் சான்றிதழ் தாக்கல் செய்து, நிலுவையையும் மிகைக்கட்டணத்தையும் தண்டப்பணத்தைப் போல அறவிடுவதற்குச் சட்டம் இடமளிக்கிறது. பணம் வந்து இலக்கம் மட்டும் பிழை என்றால் வழக்குக்கு அவசியமில்லை. கூட்டுத்தாபனம் சரியான விபரங்களுடன் திருத்தக் கடிதம் அனுப்ப வேண்டும், அதன்படி மத்திய வங்கி வரவைச் சரியான கணக்குக்கு மாற்றும். இந்தத் திருத்தத்தை எழுதுவதும் வேலைகொள்வோரின் வேலைதான். ‘நீங்களே மத்திய வங்கியில் பேசிச் சரிசெய்துகொள்ளுங்கள்’ என்று அனுப்பிவிட்டால், போன வேகத்திலேயே திரும்பி வருவீர்கள்.

பணத்தை எடுப்பதற்கு 50 வயதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 என்பது பொதுவான வயதெல்லை. ஓய்வூதியத்துடன் கூடிய அரச சேவையில் சேர்வது அதற்கு முன்பே பணத்தை மீளப்பெறுவதற்குச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. நிரந்தர நியமனக் கடிதம், உங்கள் பதவி ஓய்வூதிய உரித்துடையது என்று திணைக்களத் தலைவர் உறுதிப்படுத்தும் கடிதம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகப் பிரதி ஆகியவற்றுடன், பணத்தை மீளப்பெறும் விண்ணப்பமான கே படிவத்தைத் தொழில் அலுவலகத்தில் கொடுக்கலாம். ஆயினும் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. கணக்கில் இருக்கும் பணத்துக்கு ஆண்டுதோறும் வட்டி சேர்ந்துகொண்டிருக்கிறது. 2022க்கு 9 வீதமும் 2023க்கு 13 வீதமும் வழங்கப்பட்டன. இருப்பதை வாங்கிக் கணக்கை முடித்த பிறகு விடுபட்ட மாதங்களைத் துரத்துவது, கணக்கு உயிரோடு இருக்கும்போது துரத்துவதைவிடக் கடினமானது. அவசரத் தேவை ஏதும் இருந்தால் மட்டும் இதை மாற்றி யோசியுங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்ட இரண்டு விடயங்களும் உண்டு. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு வேலைகொள்வோர் மட்டுமே 3 வீதம் செலுத்த வேண்டும், ஊழியரிடம் எதுவும் கழிக்க முடியாது. சேமலாப நிதிக் கூற்றில் உங்கள் இலக்கம் பிழைத்திருந்தால் அங்கும் பிழைத்திருக்க நியாயமுண்டு, ஆகவே அந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். மற்றது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்தில் ஐந்தாண்டுகள் பூர்த்தி செய்தவருக்கு, அவர் தாமாக விலகியிருந்தாலும், பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் அரை மாதச் சம்பளம் உரியது. விலகி 30 நாட்களுக்குள் அது கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். நாட்சம்பள மாதங்களும் தொடர்ச்சியான சேவைதான் என்பதால் உங்களுக்கு ஆறு ஆண்டுகள் பூர்த்தியாகின்றன, அதாவது மூன்று மாதச் சம்பளம். கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கிடைக்கவில்லையென்றால் முறைப்பாட்டில் மூன்றாவது பந்தியாக இதையும் எழுதுங்கள். ‘வரவேண்டியது எதுவுமில்லை’ என்ற கடிதத்தில் நீங்கள் கையொப்பமிடக்கூடாது என்று நான் அவ்வளவு அழுத்திச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

கடைசியாக, இப்போதைய திணைக்களம். ஓய்வூதியத்துக்காக உங்கள் சம்பளத்தில் எதுவும் கழிக்கப்படுவதில்லை, ஆகவே ஆண்டுதோறும் பார்த்துச் சரிபிழை அறிய ஒரு கணக்குக் கூற்றும் வருவதில்லை. உங்கள் 2014 நியமனத்தின் வரலாறு முழுவதும் ஊழியர் விடயங்களைக் கவனிக்கும் தாபனக் கிளையிலுள்ள உங்கள் சுயவிபரக் கோவையில் இருக்கிறது. பதவியில் உறுதிப்படுத்திய கடிதம், ஒவ்வோர் ஆண்டின் சம்பள ஏற்றம், சம்பளமற்ற விடுமுறை, இடமாற்றம் எல்லாம் அங்கே பதியப்பட்டிருக்க வேண்டும். ஓய்வுபெறும்போது திணைக்களம் அந்தக் கோவையிலிருந்தே விபரங்களை எடுத்து மாளிகாவத்தையிலுள்ள ஓய்வூதியத் திணைக்களத்துக்கு அனுப்பும். அனுப்பும் பொறுப்பு திணைக்களத்துடையது. விடுபட்ட கடிதத்துக்காக ஓய்வூதியம் இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர் நீங்கள். நிர்வாக உத்தியோகத்தரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தருடன் இருந்து ஒருமுறை கோவையை முதலிலிருந்து புரட்டிப் பாருங்கள். சம்பளச் சிட்டையில் விதவைகள், தபுதாரர்கள் (மனைவியை இழந்தவர்கள்), அநாதைகள் ஓய்வூதியத்துக்கான கழிவு இருக்கிறதா, அதற்குரிய அங்கத்துவ இலக்கம் கிடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நியமனத்துக்குப் பிறகு திருமணமாகியிருந்தாலோ பிள்ளைகள் பிறந்திருந்தாலோ, திருமணப் பதிவும் பிறப்புச் சான்றிதழ்களும் கோவையில் சேர்க்கப்பட வேண்டும்.

பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் நியமனக் கடிதத்திலும் உங்கள் பெயர் ஒரேமாதிரி இல்லையென்றால், மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஒரு சத்தியக்கடதாசியை இப்போதே முடித்து, ஒரு பிரதியைத் திணைக்களக் கோவையிலும் இன்னொன்றைத் தொழில் அலுவலக முறைப்பாட்டுடனும் இணைத்துவிடுங்கள். புதிய பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எடுத்திருந்தால், பழைய அட்டையின் பிரதியையும் எறிந்துவிடாமல் அத்துடன் வையுங்கள். 2010இன் சி படிவத்தில் இருப்பது பழைய இலக்கம்தான்.